டிசிசி மாடல் ரயில் விட்டு விட்டு நிற்கிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று நிற்கிறது. விரலால் லேசாகத் தட்டினால் மறுபடி கிளம்புகிறது. உடனே எல்லோரும் சந்தேகப்படுவது டிகோடரை, அதாவது டிசிசி முறையில் தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து மோட்டாரை இயக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் சின்னப் போர்டை. நண்பர்களின் லேஅவுட்டுகளைப் பழுது பார்த்துப் பார்த்து எனக்குப் பிடிபட்டது வேறு. டிகோடர் போனால் பெரும்பாலும் ஒரேயடியாகப் போகும். விட்டு விட்டு வரும் கோளாறு என்றால், தொட வேண்டிய இரண்டு உலோகங்கள் எங்கோ சரியாகத் தொடவில்லை, அல்லது தொடக்கூடாத இரண்டு எங்கோ தொடுகின்றன. நம் ஊர் எலக்ட்ரீஷியன் சொல்லும் அதே லூஸ் கான்டாக்ட்தான். அழுக்கு, ஜாயினர் (இரண்டு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகக் கவ்வி), வயர், சக்கரம் நான்கையும் பார்த்து முடிக்கும்வரை புது டிகோடருக்குப் பணம் கட்ட வேண்டாம்.

இங்கே சொல்லும் அளவுகள் எச்ஓ ரயிலுக்கு, அதாவது 1:87 அளவு, 16.5 மி.மீ. தண்டவாளம், சுமார் 14 வோல்ட், 5 ஆம்பியர் பூஸ்டர் (தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கருவி). எச்ஓவை விடச் சிறிய 'N' அளவு ரயில் வைத்திருப்பவர்களுக்கு வோல்ட் கொஞ்சம் குறைவாக இருக்கும், சோதனைகள் மாறாது.

முதலில் மூன்று கேள்விகள்

எந்த எஞ்சினை விட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி தண்டவாளம் அல்லது வயர்.

ஒரே எஞ்சின் மட்டும் கண்ட இடத்தில் நிற்கிறதா? அப்படியானால் எஞ்சின்.

காலையில் சரியாக ஓடி மதியத்தில் தொல்லை தருகிறதா, அல்லது அரை மணி ஓடிய பிறகு தருகிறதா? அப்படியானால் சூடு.

இதை ஞாபகத்தை நம்பிச் சொல்லாதீர்கள். எஞ்சின் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தின் பக்கத்தில் ஒரு சின்னத் துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, எஞ்சின் எண்ணை எழுதுங்கள். ஒரு மாலை நேரம் ஓட்டினால் போதும். "எங்கே பார்த்தாலும் நிற்கிறது" என்று சொன்னவரின் லேஅவுட்டில் டேப் எல்லாம் இரண்டே இடத்தில் குவிந்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சாதாரண மல்டிமீட்டர், முதலைக் கிளிப் போட்ட இரண்டு வயர், 10 ஓம் 25 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்று, சக்கர இடைவெளி அளக்கும் கேஜ், அப்புறம் எந்தக் கோளாறும் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஒரு எஞ்சின். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். எல்லாச் சோதனையையும் அதை வைத்தே செய்யுங்கள்.

மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். தண்டவாளத்தில் இருப்பது வீட்டு 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இல்லை, பல ஆயிரம் ஹெர்ட்ஸில் தலைகீழாக மாறும் சதுர அலை. அதனால் மீட்டர் காட்டும் எண் ஒரு வோல்ட் முன்னே பின்னே இருக்கும். பரவாயில்லை. நமக்கு வேண்டியது ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான்.

எதையும் தொடுவதற்கு முன் நாணயச் சோதனை

எஞ்சின்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே வையுங்கள். பூஸ்டர் உடனே கரண்டை நிறுத்த வேண்டும். இப்படி லேஅவுட் முழுக்க ஒரு மீட்டருக்கு ஓர் இடம் என்று பார்த்துக்கொண்டே போங்கள். பூஸ்டர் எங்காவது நிறுத்தாமல் முனகிக்கொண்டே இருந்தால், நாணயத்தை உடனே எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்குப் போகும் வழியில் மின்தடை அதிகம் என்று அர்த்தம். அங்கே ஒரு பெட்டி தடம் புரண்டு ஷார்ட் ஆனால் 5 ஆம்பியர், 14 வோல்ட், அதாவது 70 வாட் வரை சூடு ஒரு குட்டிச் சக்கரத்தின் வழியாகப் போகும். சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்தான். போகியின், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின், பிளாஸ்டிக் உருகிவிடும். மற்ற எந்தக் கோளாறுக்கும் முன்னால் இதைச் சரி செய்யுங்கள். வழி, அடுத்த பகுதியில் ஃபீடருக்கு, அதாவது தண்டவாளத்துக்குக் கரண்ட் கொண்டுபோகும் குட்டி வயருக்கு, சொல்லியிருப்பதுதான்.

அறிகுறி 1: ஒரே இடத்தில் எல்லா எஞ்சினும் தடுமாறுகிறது, ஒலி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது

ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் திடீரென்று "ஸ்டார்ட்" ஆகும் ஒலியை மறுபடி எழுப்பினால், டிகோடருக்குக் கண நேரம் கரண்ட் போய்வந்திருக்கிறது.

அழுக்கா? வெள்ளைத் துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டு அந்த இடத்தைத் துடையுங்கள். துணியில் கருப்புக் கோடு வந்தால் வராமல் போகும்வரை துடைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். உப்புத்தாளும் ஸ்டீல் உல்லும் வேண்டவே வேண்டாம். உப்புத்தாள் போடும் கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும். ஸ்டீல் உல்லின் துகளை மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும், பிறகு எஞ்சினுக்குள்ளேயே ஷார்ட்.

துடைத்தும் சரியாகவில்லையா? எஞ்சினைச் சந்தேக இடத்தில் நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்து ஜாயினரை மரக்குச்சியால் அழுத்துங்கள். விளக்கு மின்னினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். ஜாயினர் தண்டவாளத்தை நேர்க்கோட்டில் வைக்கத்தான் நன்றாக உதவும். கரண்ட் கடத்துவதை அதை நம்பி விட்டால் முதல் ஆண்டு ஒழுங்காக இருக்கும், பிறகு உள்ளே ஆக்சைடு ஏறும். கடற்கரை ஊர்களில் இன்னும் சீக்கிரம்.

ஜாயினரும் அசையவில்லையா? இப்போது ரெசிஸ்டரை எடுங்கள். சும்மா இருக்கும் தண்டவாளத்தில் வோல்ட் அளந்து பயனில்லை, எவ்வளவு மோசமான இணைப்பும் 14 காட்டும். கரண்ட் இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். 10 ஓம் ரெசிஸ்டரை முதலைக் கிளிப்பால் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே மாட்டினால் சுமார் 1.4 ஆம்பியர் இழுக்கும். முதலில் பூஸ்டருக்குப் பக்கத்தில் மாட்டி அளவுங்கள், பிறகு சந்தேக இடத்தில் மாட்டி அளவுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் அங்கே வயர் சரியில்லை. ரெசிஸ்டர் 20 வாட் அளவுக்குச் சுடும். அதை ஒரு தரை ஓட்டுத் துண்டின் மேல் வைத்து, அளந்தவுடன் கழற்றிவிடுங்கள். காரின் 12 வோல்ட் பல்பை வைத்தும் சிலர் பார்க்கிறார்கள். பல்பு குளிர்ந்திருக்கும்போது முதல் கணத்தில் ரொம்ப இழுக்கும், பூஸ்டர் அதையே ஷார்ட் என்று நினைத்து நிறுத்திவிடும். ரெசிஸ்டர்தான் நல்லது.

வோல்ட் குறைகிறதா? பலகைக்கு அடியில் போய் ஃபீடர் வயரைப் பிடித்து லேசாக இழுங்கள். நல்ல சால்டர் பளபளவென்று தண்டவாளத்தோடு வழிந்து ஒட்டியிருக்கும். மங்கலாக, உருண்டையாக உட்கார்ந்திருந்தால் ஒட்டாத சால்டர், திரும்பச் சூடு காட்டுங்கள். வயரை வெட்டாமல் மேலே கவ்வும் கனெக்டர் போட்டிருந்தால், அது உங்கள் வயர் பருமனுக்கு உரியதுதானா என்று பாருங்கள். பெரிய கனெக்டரில் மெல்லிய வயர் போட்டால் இன்று தொடும், நாளை தொடாது.

எல்லாம் சரி, இருந்தும் குறைகிறது என்றால் புது ஃபீடர் போடுங்கள். பலகைக்கு அடியில் ஓடும் முக்கிய வயரான பஸ் வயருக்கு, வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போதும். ஃபீடருக்கு 0.5 சதுர மி.மீ., நீளம் ஓர் அடிக்குள். ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் சொந்தமாக ஒரு ஜோடி ஃபீடர் வேண்டும் என்பது என் கட்சி. வேலை அதிகம்தான், ஆனால் அதன் பிறகு ஜாயினரைப் பற்றிக் கவலையே இல்லை.

அறிகுறி 2: பாயிண்ட்டில் மட்டும் தொல்லை

பாயிண்ட் என்றால் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடம் பிரியும் இடம். இங்கே இரண்டு வகை உண்டு. எஞ்சின் நிற்கும்போது பக்கத்தில் ஓடும் மற்ற எஞ்சினும் நிற்கிறதா என்று பாருங்கள்.

இது மட்டும் நிற்கிறது: கரண்ட் கிடைக்கவில்லை

சின்ன ஷண்டிங் எஞ்சின் மெதுவாகப் போகும்போது மட்டும் நின்றால், அது நிற்பது ஃப்ராக்கின் மேல், அதாவது இரண்டு தண்டவாளமும் வெட்டிக்கொள்ளும் வி வடிவ மூலையில். பிளாஸ்டிக் ஃப்ராக்கில் கரண்ட் கிடையாது. நாலு சக்கர எஞ்சினுக்கு அந்தத் துண்டு நீளம் அதிகம். முதலில் சக்கரத்தைச் சுத்தம் செய்யுங்கள், எல்லாச் சக்கரமும் கரண்ட் எடுக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் நின்றால் கண நேரத்துக்கு வேண்டிய கரண்டைச் சேமித்துக் கொடுக்கும் கெபாசிட்டரை எஞ்சினுக்கு வைப்பது ஒரு வழி, கரண்ட் கொடுக்கக்கூடிய ஃப்ராக் உள்ள பாயிண்ட்டை மாற்றி வைப்பது இன்னொரு வழி. இரண்டாவது செலவு.

ஃப்ராக்குக்கு முன்னால், நகரும் நாக்கின் மேலேயே நின்றால் விஷயம் வேறு. பல பாயிண்ட்டுகளில் நாக்குக்குக் கரண்ட் போவது அது பக்கத்துத் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருப்பதால் மட்டும்தான். தொடும் அந்த ஓரம் பட்டாணி அளவுகூட இருக்காது. பாறைத்துகள் ஒட்டப் போட்ட பசை ஒரு சொட்டு அங்கே காய்ந்திருந்தாலே போச்சு. நாக்கைக் கையால் அழுத்திப் பிடித்தால் ஓடுகிறதா? அந்த ஓரத்தை ஆல்கஹால் தொட்ட குச்சியால் சுரண்டுங்கள். நிரந்தரத் தீர்வு, நாக்குக்கு அதன் பக்கத்துத் தண்டவாளத்திலிருந்து தனியாக ஒரு மெல்லிய வயர் சால்டர் செய்வது.

எல்லாமே நிற்கிறது: ஷார்ட்

சக்கரங்களைக் கேஜ் வைத்து அளவுங்கள். ஒரு ஜோடி கொஞ்சம் நெருங்கியிருந்தால், சக்கரத்தின் முதுகு திறந்திருக்கும் நாக்கை உரசும். ஒரு பெட்டி மட்டும் போகும்போது ஷார்ட் என்றால் பெரும்பாலும் இதுதான்.

பிளாஸ்டிக் ஃப்ராக் உள்ள பாயிண்ட்டில் ஃப்ராக்கைத் தாண்டியவுடன் பட்டென்று ஒரு பொறி பறந்தால், அகலமான உலோகச் சக்கரம் அருகருகே வரும் இரண்டு தண்டவாளத்தையும் ஒரே நேரத்தில் தொடுகிறது. அந்த இடத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷை ஒரு செ.மீ. நீளத்துக்குப் பூசி, காய்ந்ததும் ஓட்டுங்கள். ஷார்ட் நின்றுவிட்டால் காரணம் உறுதி. பாலிஷ் சில வாரத்தில் தேயும், மறுபடி பூசிக்கொள்ளலாம். ஃப்ராக்கை ஒட்டி மெல்லிய ரம்பத்தால் வெட்டி, இடைவெளியைச் சற்றுத் தள்ளி அமைத்தால் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

உலோக ஃப்ராக் என்றால், ஃப்ராக்குக்கு அப்பால் உள்ள இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் இருக்கிறதா? பாயிண்ட் மோட்டாரில் உள்ள மைக்ரோ சுவிட்ச் ஒவ்வொரு தடவையும் மாறுகிறதா? சுவிட்ச் தேய்ந்துபோனால் பத்தில் எட்டு முறை மாறும், இரண்டு முறை மாறாது. பாயிண்ட்டைப் பலமுறை மாற்றி மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஃப்ராக்கின் வோல்ட்டை அளந்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி 3: ஒரே ஒரு எஞ்சின் மட்டும்

சக்கரத்தில் தொடங்குங்கள். தண்டவாளத்தின் குறுக்கே பேப்பர் டவலை விரித்து, ஆல்கஹால் நனைத்து, எஞ்சினின் ஒரு போகி டவலின் மேலும் மற்றொன்று தண்டவாளத்திலும் இருக்கும்படி பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுங்கள். டவலில் இரண்டு கருப்புக் கோடுகள் விழும். டவலை நகர்த்தி, வெள்ளையாக வரும்வரை செய்துவிட்டுத் திருப்பிப் பிடியுங்கள். ரப்பர் வளையம் உள்ள சக்கரத்தில் மட்டும் அதிகம் தேய்க்காதீர்கள்.

அடுத்தது, சக்கரத்தின் முதுகில் உரசிக் கரண்ட் எடுக்கும் மெல்லிய பட்டை. எஞ்சினைக் கவிழ்த்து வைத்து, முதலைக் கிளிப் வயரால் தண்டவாளக் கரண்ட்டை ஒவ்வொரு ஜோடிச் சக்கரத்துக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். எந்தச் சக்கரத்தில் விளக்கு எரியவில்லையோ அதன் பட்டை வளைந்திருக்கும், அல்லது எண்ணெயும் முடியும் சேர்ந்த பிசின் அதில் படிந்திருக்கும். எண்ணெய் அதிகமாக விட்ட எஞ்சின்களில் இது சகஜம்.

நீராவி எஞ்சினா? டெண்டருக்கு (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிப் பெட்டிக்கு) போகும் குட்டி பிளக்கையும் இழுவைக் கம்பியையும் அசைத்துப் பாருங்கள்.

மேல் கூட்டைக் கழற்றினால் நன்றாக ஓடி, மாட்டினால் நிற்கிறதா? அப்படியானால் வயர் ஒன்று கூட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்குகிறது. வயரின் உறையில் ஒரு பளபளப்பான பள்ளம் தெரியும். வயர்களை மோட்டார் ஃப்ளைவீலிலிருந்து விலக்கி, வெப்பம் தாங்கும் டேப்பால் ஒட்டுங்கள். சில எஞ்சின்களில் வயரைப் போர்டில் பிடித்திருப்பது ஒரு சின்னப் பிளாஸ்டிக் தொப்பி மட்டும்தான். அதை எடுத்துவிட்டுச் சால்டர் வைத்துவிடுங்கள்.

அரை மணி ஓடிவிட்டு நிற்கிறது, பத்து நிமிடம் ஆறினால் மறுபடி ஓடுகிறது என்றால், டிகோடர் சூடேறித் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அதைக் குறை சொல்வதற்கு முன் மோட்டாரைப் பாருங்கள். காய்ந்த கிரீஸ், இறுகிய கியர், தேய்ந்த பிரஷ் எல்லாம் மோட்டாரை அதிகம் இழுக்க வைக்கும். எச்ஓ டிகோடர்கள் பல ஓர் ஆம்பியர் அளவுக்குத்தான் தாங்கும். டிகோடரை நீங்களே மாட்டியிருந்தால் இன்னொன்று: டிகோடரைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் இரு முனைகளில் ஒவ்வொன்றுக்கும் எஞ்சினின் உலோகச் சட்டத்துக்கும் இடையே ஓம் அளவுங்கள். எந்த எண்ணும் காட்டக்கூடாது. காட்டினால் அந்த எஞ்சினில் எத்தனை டிகோடர் போட்டாலும் போய்விடும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் நல்ல எஞ்சினின் டிகோடரை இதில் மாட்டிப் பார்ப்பது. கோளாறு டிகோடரோடு போனால் டிகோடர், எஞ்சினோடு நின்றால் எஞ்சின்.

கெபாசிட்டர் பற்றி ஒரு வார்த்தை. அது நல்ல சாமான்தான், ஆனால் கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு முன் வைக்காதீர்கள். அழுக்குத் தண்டவாளத்தை அது மறைக்கும். கெபாசிட்டர் இல்லாத எஞ்சின் வரும் நாளில்தான் உண்மை தெரியும்.

அறிகுறி 4: வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு எரிந்து எரிந்து அணைகிறது

இது கரண்ட் கோளாறே இல்லை. கட்டுப்படுத்தும் கருவி 28 படி வேகத்தில் அனுப்புகிறது, டிகோடர் 14 படி என்று நினைக்கிறது. சிவி 29ஐப் படியுங்கள் (சிவி என்றால் டிகோடருக்குள் எண்ணாகப் பதிந்திருக்கும் ஓர் அமைப்பு). அதில் 2 என்ற மதிப்புச் சேர்ந்திருக்க வேண்டும். எஞ்சினை அழைக்கும் எண்ணான முகவரி குட்டி என்றால் 2 அல்லது 6, நீளம் என்றால் 34 அல்லது 38. எஞ்சினின் முன் பின் திசையை மாற்றி வைத்திருந்தால் ஒன்று கூடும்.

அறிகுறி 5: தானாகப் பாய்ந்து ஓடுகிறது, அல்லது சொன்னதைக் கேட்பதில்லை

ஒரு ஷார்ட் நடந்து கரண்ட் திரும்பியவுடன் எஞ்சின் முழு வேகத்தில் பாய்ந்தால், டிகோடர் குழம்பிப்போய், கட்டளை இல்லாமல் வோல்ட்டை மட்டும் பார்த்து ஓடும் பழைய டிசி முறைக்கு மாறிக்கொண்டது. சிவி 29இல் 4ஐக் கழித்துவிடுங்கள். 6 என்றால் 2, 38 என்றால் 34. டிசி லேஅவுட்டில் ஓட்டும் உத்தேசம் இல்லாதவர்கள் எல்லா எஞ்சினுக்கும் இதைச் செய்துவிடலாம்.

விளக்கு எரிகிறது, எஞ்சின் நகர மறுக்கிறதா? சிவி 19ஐப் பாருங்கள். முன்பு இரட்டை எஞ்சினாகச் சேர்த்து ஓட்டி, பிரிக்காமல் எடுத்து வைத்திருப்பீர்கள். பூஜ்யம் போட்டால் சொந்த முகவரிக்கு வந்துவிடும்.

அறிகுறி 6: லேஅவுட் முழுவதும் அவ்வப்போது நின்றுவிடுகிறது

தண்டவாளத்தின் மேல் ஸ்க்ரூடிரைவரோ தடம் புரண்ட பெட்டியோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் இதுதான்.

ஒரு குறிப்பிட்ட ரயில் ஓடும்போது மட்டும் என்றால் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். உலோகச் சக்கர ஜோடியில் ஒரு பக்கம்தான் காப்பு இருக்கும். உலோகப் போகியில் ஒரு ஜோடி மட்டும் திரும்பி மாட்டப்பட்டிருந்தால், போகியின் சட்டம் வழியாகவே ஷார்ட்.

சுற்றி வந்து அதே பாதையில் சேரும் லூப் இருந்தால், அதன் நீளம் உங்கள் நீளமான ரயிலை விட அதிகமா என்று அளவுங்கள். ரயிலின் முதல் சக்கரம் ஒரு முனையின் இடைவெளியையும் கடைசி உலோகச் சக்கரம் மறுமுனையையும் ஒரே நேரத்தில் தாண்டினால், லூப்பின் துருவத்தைத் தானாக மாற்றிக் கொடுக்கும் கருவி எந்தப் பக்கம் மாற்றும்?

மதியத்தில் மட்டும் ஷார்ட்டா? இது மொட்டை மாடி அறை வைத்திருப்பவர்களின் தலைவலி. நிக்கல் சில்வர் தண்டவாளம் 3 மீட்டர் நீளத்துக்கு 15 டிகிரி சூடு ஏறினால் முக்கால் மி.மீ. நீளும். ரம்பத்தால் வெட்டி விட்ட காப்பு இடைவெளி அவ்வளவுகூட இருக்காது. காலையில் பார்த்தால் இடைவெளி தெரியும், மூன்று மணிக்கு இரண்டு முனையும் முத்தமிட்டுக்கொண்டிருக்கும். இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் சில்லைச் செருகி, பசை வைத்து, தண்டவாள வடிவத்துக்கு அரம் போட்டுவிடுங்கள்.

கரண்ட் போய் வந்தவுடன் பூஸ்டர் எழ மறுக்கிறது என்றால், ஒலி எஞ்சின்களின் கெபாசிட்டர்கள் எல்லாம் ஒன்றாக நிரம்பப் பார்க்கின்றன. சிலவற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். எழுந்துவிட்டால், லேஅவுட்டை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி சர்க்யூட் பிரேக்கர் போட வேண்டியதுதான். செலவுதான், ஆனால் அதன் பிறகு ஓரிடத்து ஷார்ட் வீடு முழுவதையும் நிறுத்தாது.

எதுவும் பிடிபடவில்லையா? பஸ் வயரை நடுவில் கழற்றுங்கள். பூஸ்டர் பக்கத்துப் பாதியை மட்டும் ஓட்டுங்கள். கோளாறு அங்கே இல்லை என்றால் மறுபாதியில். அதையும் பாதியாக்குங்கள். சலிப்பான வேலை, ஆனால் இதிலிருந்து எந்த ஷார்ட்டும் தப்பியதில்லை.

அறிகுறி 7: புரோகிராம் தடத்தில் சில நேரம் படிக்கிறது, சில நேரம் இல்லை

புரோகிராம் தடம் என்பது சிவிகளைப் படிக்கவும் எழுதவும் தனியாக வைத்திருக்கும் தண்டவாளம். டிகோடர் பதில் சொல்வது மோட்டாரைக் கண நேரம் இயக்கி, குறைந்தது 60 மில்லியாம்பியர் இழுப்பதன் மூலம். அதனால் சக்கரமும் தடமும் சுத்தமாக இருக்க வேண்டும், மோட்டார் இணைந்திருக்க வேண்டும், கெபாசிட்டர் இருந்தால் கழற்ற வேண்டும். அப்படியும் படிக்காத ஒலி டிகோடரில் சிவி 8க்கு 8 எழுதிப் பாருங்கள். பல தயாரிப்புகளில் அது ஆலை அமைப்புக்குத் திருப்பிவிடும், முகவரி 3க்கு வந்துவிடும். சிலவற்றுக்கு வேறு எண், கூட வந்த தாளில் இருக்கும்.

எங்கே நிறுத்திக்கொள்வது

தண்டவாளத்துக்குப் போகும் இரண்டு வயரையும் பூஸ்டரிலிருந்து கழற்றிவிடுங்கள். எதுவும் இணைக்காத நிலையிலும் பூஸ்டர் ஷார்ட் என்று காட்டினால், பழுது உள்ளே. திறக்காமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள். பவர் சப்ளையின் 230 வோல்ட் பக்கத்தில் கருகிய வாடை, வெடித்த உறை, தொட்டால் சுர்ரென்ற உணர்வு எது இருந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்று முள் பிளக்கின் எர்த்தை வெட்டிச் சமாளிக்கும் பழக்கம் இங்கே உதவாது.

டிகோடரில் ஒரு முறை புகை வந்தால் அது பிறகு ஓடினாலும் நம்ப வேண்டாம். வாரண்டி உள்ள எஞ்சினைச் சால்டர் அயர்னோடு நெருங்குவதற்கு முன் கடைக்காரரிடம் பேசிவிடுங்கள்.

அனுப்பும்போது கூடவே ஒரு சீட்டு வையுங்கள்: எந்த அறிகுறி, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, எந்த வேகத்தில், எவ்வளவு வோல்ட், எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள், சிவி 29இல் என்ன இருக்கிறது. வெறுமனே "சில சமயம் நிற்கிறது" என்று எழுதினால், சுத்தமான சோதனைத் தடத்தில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பார்கள். அங்கே அது அழகாக ஓடும், அப்படியே உங்களுக்குத் திரும்பி வந்துவிடும், போக வரக் கூரியர் செலவு உங்களுடையது.